ஆபீஸ் ஏசி ரிமோட் யார் கையில இருக்கு? - குளிரில் கரையும் கரன்ட் பில்லின் கதை!

வெளியே 39 டிகிரி வெயில். உள்ளே போனதும் ஹூடி, ஷால், சிலருக்கு எக்ஸ்ட்ராவா ஒரு ஜோடி சாக்ஸ். ஓ.எம்.ஆர்லயோ, கிண்டியிலயோ, கோவை ஐ.டி பார்க்லயோ வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. காசு கொடுத்து வெயிலை விரட்டுகிறோம். பிறகு அந்தக் குளிருக்குப் பயந்து போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்!

2025 ஜூன் மாதம், மத்திய மின்சாரத்துறை அமைச்சர் மனோகர் லால் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். இனி ஏசி-க்களை 20 டிகிரிக்குக் கீழேயும், 28 டிகிரிக்கு மேலேயும் வைக்க முடியாதபடி புது விதி வரப்போகிறது என்றார். உடனே மீம்ஸ் பறந்தன. "என் ரூம், என் காசு, உங்களுக்கு என்ன?" என்று கொதித்தவர்கள் நிறைய பேர்.

வீட்டு ஏசி விஷயத்துல அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனா, தினமும் ஒன்பது மணி நேரம் நீங்க உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்ல ரூமும் உங்களுது இல்ல, காசும் உங்களுது இல்ல, முக்கியமா ரிமோட் உங்க கையில இல்ல. அப்போ அந்த 22 டிகிரியை முடிவு பண்றது யாரு? அதுக்கான பில் எங்கே போகுது? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

பேப்பருக்காக வந்த குளிர்

ஏசி முதன்முதலில் மனிதர்களுக்காக வரவில்லை. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு ஒரு பிரச்னை. காற்றில் ஈரப்பதம் கூடும்போது பேப்பர் உப்பியது, குறையும்போது சுருங்கியது. ஒரு கலர் மேல் இன்னொரு கலர் சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்த இயந்திரம்தான் இன்றைய ஏசி-யின் தாத்தா.

மனிதர்களுக்கு எவ்வளவு குளிர் போதும் என்ற கணக்கு பிறகுதான் வந்தது. 1960-களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற விஞ்ஞானி, உடல் உற்பத்தி செய்யும் வெப்பம், உடுத்தும் உடை, காற்றின் வேகம் எல்லாவற்றையும் வைத்து ஒரு சூத்திரம் உருவாக்கினார். உலகம் முழுக்க ஆபீஸ் ஏசி-க்கள் இந்த வழியில்தான் டிசைன் செய்யப்பட்டன.

2015-ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். அந்தக் கணக்கில் உடல் வெப்பத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர், சுமார் 70 கிலோ எடையுள்ள 40 வயது ஆண். பெண்களின் உடல் உற்பத்தி செய்யும் வெப்பம் பொதுவாக அதைவிடக் குறைவு. உங்க டீம்ல ஷால் போர்த்துறவங்க பட்டியல்ல பெண்கள் ஏன் அதிகம்னு இப்போ புரியுதா?

2019-ல் பெர்லினில் 500-க்கும் மேற்பட்ட மாணவர்களை வெவ்வேறு வெப்பநிலை அறைகளில் உட்காரவைத்து கணக்குப் போடவும், வார்த்தைகள் உருவாக்கவும் சொன்னார்கள். அறை வெப்பம் கூடக்கூட பெண்களின் மதிப்பெண் கூடியது. ஆண்களுடையது குறைந்தது, ஆனால் அது பெண்களுக்குக் கூடிய அளவைவிடச் சின்ன அளவுதான். "கூலா இருந்தாதான் வேலை ஓடும்" என்ற டயலாக், எல்லோருக்கும் பொருந்தாது பாஸ்!

பில்லில் பாதி எங்கே போகுது?

முழுக்க ஏசி போட்ட ஒரு இந்திய ஆபீஸின் கரன்ட் பில்லை எடுத்தால், ஏறக்குறைய பாதியைக் குளிரூட்டலே தின்றுவிடும். மிச்சம்தான் லைட், கம்ப்யூட்டர், சர்வர், லிஃப்ட், காபி மெஷின் எல்லாம்.

2018-ல் மத்திய மின்சாரத்துறை ஒரு பிரசாரம் தொடங்கியது. வணிகக் கட்டடங்களில் ஏசி-யைப் பொதுவாக 18 முதல் 21 டிகிரியில் வைக்கிறார்கள், இது தேவையே இல்லை, 24-க்கு மேல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பி.இ.இ என்று அழைக்கப்படும் எரிசக்தி திறன் பணியகத்தின் கணக்குப்படி, ஒரு டிகிரி கூட்டினால் ஏசி செலவழிக்கும் மின்சாரத்தில் சுமார் 6 சதவிகிதம் மிச்சம்.

இதை ரூபாயில் பார்ப்போம். ஒரு கம்பெனியின் மாத கரன்ட் பில் 20 லட்சம், அதில் ஏசி-க்கு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 22-ல் இருப்பதை 24 ஆக்கினால் 12 சதவிகிதம், அதாவது மாசம் 1.2 லட்சம் மிச்சம். ஒரு ரூபாய்கூட முதலீடு இல்லை. ஒரு பட்டன்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்க. 2024 மே 30 அன்று இந்தியாவின் உச்ச மின்தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் 2-ம் தேதி தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்துக்குப் போனது. அந்த உச்சத்தைத் தாங்கத்தான் புதுப் புது மின்நிலையங்களும், டிரான்ஸ்ஃபார்மர்களும், லைன்களும் தேவைப்படுகின்றன. அந்தச் செலவு ஏதாவது ஒரு வழியில் எல்லோருடைய கட்டணத்திலும் வந்து உட்காரும். ஆபீஸ்ல ஷால் போர்த்துற நீங்களும், வீட்டுல ஒத்த ஃபேன் ஓட்டுற உங்க பாட்டியும் சேர்ந்துதான் அதைக் கட்டுறீங்க.

சென்னைக்கு எதிரி வெயில் மட்டுமா?

"அப்போ எல்லா ஆபீஸும் 26 வெச்சா முடிஞ்சதே?" என்று கேட்பீர்கள். அவ்வளவு சிம்பிள் இல்லை. சென்னை மாதிரி கடற்கரை நகரத்தில் பாதிப் பிரச்னை புழுக்கம்.

ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிழியும் விதத்தைக் கவனியுங்கள். காற்றை 12, 13 டிகிரி வரைக்கும் குளிரவைத்தால்தான் அதிலுள்ள நீர் சொட்டுச் சொட்டாகப் பிரியும். அந்தச் சில்லென்ற காற்றுதான் உங்கள் தலைக்கு மேலே இருக்கும் ஓட்டை வழியாக வந்து விழுகிறது. ஈரத்தை எடுப்பது, குளிரவைப்பது என்ற இரண்டு வேலையையும் ஒரே மெஷின் செய்வதால், புழுக்கம் போகணும்னா நீங்க நடுங்கித்தான் ஆகணும் என்ற நிலை.

இதற்குத் தீர்வு இருக்கு. வெளியிலிருந்து வரும் காற்றின் ஈரத்தை மட்டும் எடுக்க ஒரு தனி மெஷின். அறையைக் குளிரவைக்க வேறொரு அமைப்பு. இரண்டையும் பிரித்துவிட்டால், அறை 25, 26 டிகிரியில் இருந்தாலும் பிசுபிசுப்பு இருக்காது.

அடுத்து, நம்ம ஊர் சீலிங் ஃபேன். காற்று உடம்பில் படும்போது இரண்டு, மூன்று டிகிரி குறைவாக இருப்பதுபோல உடல் உணரும். 27 டிகிரி அறையில் ஃபேன் ஓடினால் 24, 25 மாதிரிதான் தோன்றும். புது வகை பி.எல்.டி.சி ஃபேன் சுமார் 30 வாட்தான் எடுக்கும். ஆனால், கார்ப்பரேட் ஆபீஸ்களில் ஃபால்ஸ் சீலிங் வந்ததும் ஃபேன் காணாமல்போனது. அரசு அலுவலகம் மாதிரி இருக்கும் என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணம்!

இந்திய உடம்புக்கு எவ்வளவு குளிர் தேவை என்பதையும் அளந்திருக்கிறார்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு சென்னை உட்பட ஐந்து நகரங்களின் ஆபீஸ்களில் 6,000-க்கும் அதிகமான பதில்களைச் சேகரித்தது. வெளியே வெயில் கூடும் மாதங்களில் நம் உடலும் மனசும் அதற்குப் பழகிக்கொள்கின்றன, உள்ளே கொஞ்சம் கூடுதல் வெப்பத்தையும் வசதியாகவே உணர்கிறோம் என்பதுதான் அதில் தெரிந்தது. மேற்கத்திய அளவுகோலை அப்படியே இங்கே ஒட்ட வேண்டியதில்லை. 2016 தேசியக் கட்டட விதிகளிலும் இந்த அணுகுமுறை இடம்பிடித்திருக்கிறது.

வெயிலுக்கு நடுவே கண்ணாடிப் பெட்டி

பழைய சென்னையின் அரசுக் கட்டடங்களைப் பாருங்கள். உயரமான கூரை, கனமான சுவர், சுற்றிலும் வராண்டா. வெயில் நேரே உள்ளே வர முடியாது. இன்றைய ஆபீஸ் கட்டடம் நாலா பக்கமும் கண்ணாடி. போட்டோவில் சிங்கப்பூர் மாதிரி இருக்கும். மேற்குப் பக்கத்துச் சீட்டில் மூணு மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் இட்லிக் கொப்பரை!

அப்புறம் நடப்பது இன்னும் காமெடி. வெளிச்சம் கண்ணைக் கூசுவதால் பிளைண்ட்ஸை இறக்குகிறோம். இருட்டாகிவிட்டது என்று லைட்டைப் போடுகிறோம். வெயில் உள்ளே வந்து சுடுகிறது என்று ஏசி-யைக் கூட்டுகிறோம். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியால் வெளிச்சமும் போச்சு, கரன்ட்டும் போச்சு. எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிகளின் வழக்கமான வழிமுறைப்படி, வெளிச்சுவரில் ஜன்னல் கண்ணாடியின் பங்கு 40 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால், மொத்தக் கட்டடமும் அதே அளவு சிக்கனமாக இயங்கும் என்று வேறு வகையில் கணக்குக் காட்ட வேண்டும். நீங்க வேலை பார்க்கிற பில்டிங்கை ஒரு தடவை வெளியே நின்னு பாருங்க.

கட்டுறவர் ஒருத்தர், பில் கட்டுறவர் இன்னொருத்தர்

தீர்வு தெரியும், காசும் மிச்சமாகும் என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? மொத்தப் பிரச்னையின் முடிச்சும் இங்கேதான் இருக்கு.

பெரும்பாலான கம்பெனிகள் வாடகைக் கட்டடத்தில் இருக்கின்றன. கண்ணாடி, சில்லர், பைப் எல்லாவற்றையும் தேர்ந்தெடுப்பவர் கட்டட உரிமையாளர். மாதாமாதம் கரன்ட் பில் கட்டுபவர் வாடகைக்கு வந்தவர். நல்ல கண்ணாடிக்கும் நல்ல மெஷினுக்கும் உரிமையாளர் கூடுதலாகச் செலவழித்தால், லாபம் வாடகைதாரருக்குப் போகும். "நான் ஏன் செலவு பண்ணணும்?" என்று அவர் நினைப்பார். "ஐந்து வருஷத்தில் காலி பண்ணப்போற இடத்துக்கு நான் ஏன் மெஷின் மாத்தணும்?" என்று இவர் நினைப்பார். பல இடங்களில் பொதுப் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று ஃபிக்ஸ் ஆகிவிடுவதால், மிச்சம் பிடித்தாலும் அது கண்ணில் தெரிவதில்லை.

ஃபெசிலிட்டி டீமின் நிலைமை இன்னும் பாவம். "சூடா இருக்கு" என்று ஒரு மேனேஜர் மெயில் போட்டால் பத்து நிமிஷத்தில் ஆக்‌ஷன் நடக்கும். குளிர்கிறவர் மெயில் போடமாட்டார், ஹூடி போட்டுக்கொள்வார். அதனால் டிகிரி ஒரே திசையில்தான் நகரும். கீழே, இன்னும் கீழே.

அடுத்தது ஹைப்ரிட் வேலை. திங்களும் வெள்ளியும் பாதி ஃப்ளோர் காலி. ஆனால், ஏசி மட்டும் எல்லாரும் வந்ததுபோலவே ஓடும். காற்றைத் தள்ளும் ஃபேன்களில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கு. வேகத்தை 20 சதவிகிதம் குறைத்தால், கோட்பாட்டின்படி மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆள் குறைந்த நாளில் வேகத்தைக் குறைக்கும் கருவி பல கட்டடங்களில் ஏற்கெனவே இருக்கு. அதைச் சரியாக செட் பண்ண ஆள் இல்லை என்பதுதான் விஷயம்.

இரவைப் பற்றியும் சொல்லியாகணும். 500 டெஸ்க்டாப்கள், ஒவ்வொன்றும் சும்மா 60 வாட் எடுத்தபடி, இரவு 14 மணி நேரம் ஆன்லயே இருக்குன்னு வைங்க. ஒரே இரவில் 420 யூனிட்! தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு வீட்டின் இரண்டு மாத இலவச மின்சாரம், யாருமே இல்லாத ஹாலில் ஒரு ராத்திரியில் காலி.

"எங்க கம்பெனி காற்றாலை கரன்ட்தான் வாங்குது" என்று சிலர் சொல்லலாம். நல்ல விஷயம்தான். ஆனால், முப்பந்தல் பக்கம் காற்று வருஷம் முழுக்க ஒரே மாதிரி வீசாது. நீங்கள் வீணாக்காத ஒவ்வொரு யூனிட் பசுமை மின்சாரமும் வேறொருவரின் நிலக்கரி மின்சாரத்தைக் குறைக்கும்.

செய்து காட்டியவர்கள்

ஹைதராபாத் போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் ஒரு பலே வேலை செய்தது. ஒரே கட்டடத்தைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் நன்றாக டிசைன் செய்த வழக்கமான ஏசி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்து, அதில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, தளத்தையே குளிரவைக்கும் முறை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை, ஒரே வெயில். குழாய் பதித்த பாதி, சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவான மின்சாரத்தில் வேலையை முடித்தது.

ஜப்பான் மெஷினைத் தொடவில்லை, டிரஸ்ஸை மாற்றியது. 2005-ல் 'கூல் பிஸ்' என்ற திட்டம். கோடைக்காலத்தில் ஆபீஸ்களில் ஏசி 28 டிகிரி, கோட்டும் வேண்டாம், டையும் வேண்டாம். பிரதமர் கொய்சுமியே டை இல்லாமல் டி.வி-யில் தோன்றினார். மேலதிகாரி கோட் போட்டு உட்கார்ந்திருந்தால் கீழே இருப்பவர் கழற்ற மாட்டார் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம்ம ஊர்ல மே மாசம் பிளேசர் போட்டு இன்டர்வியூவுக்கு வரச்சொல்ற ஹெச்.ஆர்-கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஸ்பெயின் 2022-ல் சட்டமே போட்டது. அரசு அலுவலகங்கள், கடைகள், மால்களில் கோடையில் 27 டிகிரிக்குக் கீழே குளிரவைக்கக் கூடாது என்றது அது. ஆள் இல்லாத அரசுக் கட்டடங்களிலும் கடை ஷோகேஸ்களிலும் இரவு 10 மணிக்கு மேல் லைட் எரியக் கூடாது என்றும் சொன்னது.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-லேயே வந்தது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கான விதிகள் 2007-ல் வந்து, 2017-ல் திருத்தப்பட்டன. 2022-ல் சட்டமே திருத்தப்பட்டு விதிகள் இன்னும் விரிந்தன. எல்லாம் சரி. ஆனால், இந்த விதிகளின் பார்வை முக்கியமாகப் புதிதாகக் கட்டப்படும் கட்டடங்கள் மேல்தான். ஏற்கெனவே நிற்கும் கண்ணாடிப் பெட்டிகள் ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஃபிரிட்ஜுக்கு இருப்பதுபோல ஆபீஸ் கட்டடங்களுக்கும் பி.இ.இ ஸ்டார் ரேட்டிங் 2009-ல் இருந்தே இருக்கு. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வருஷத்தில் எத்தனை யூனிட் என்பதுதான் அளவுகோல். 10,000 சதுர மீட்டர் ஆபீஸ் வருஷத்துக்கு 15 லட்சம் யூனிட் செலவழித்தால், அதன் எண் 150. எண் குறையக் குறைய ஸ்டார் கூடும். ஆனால் இது விருப்பம் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்ற வகை. 500 ரூபாய் மிக்ஸியை ரேட்டிங், ரிவ்யூ பார்த்து வாங்குற நாம, பல கோடி யூனிட் குடிக்கிற பில்டிங்குக்கு எந்த ரேட்டிங்கும் கேட்பதில்லை.

நியூயார்க்கில் பெரிய கட்டடங்கள் தங்கள் எரிசக்தி கிரேடை வாசலிலேயே ஒட்ட வேண்டும். உள்ளே நுழையும்போதே 'ஏ'-வா, 'டி'-யா என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 2024 முதல் கார்பன் வரம்பும் வந்துவிட்டது. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். 20 டிகிரி, 28 டிகிரி சண்டையைவிட நம்ம ஊருக்கு இப்போ தேவைப்படுவது இந்த மாதிரி வெளிப்படைத்தன்மைதான். ரிமோட்டைப் பூட்டுவதால் கண்ணாடிச் சுவர் மாறாது. எண்ணை வாசலில் ஒட்டினால், வாடகைக்கு வருபவர் பேரம் பேசுவார். பேரம் வந்தால் உரிமையாளர் மெஷினை மாற்றுவார்.

நீங்க என்ன செய்யலாம்?

'லைட்டை அணைக்கவும்' ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு மொத்தப் பொறுப்பையும் ஊழியர் தலையில் கட்டுவது கம்பெனிகளுக்கு ஈஸி. உங்க போன் சார்ஜரைப் பிடுங்குவதால் சில்லர் குறையாது. ஆனால், உங்களால் முடிகிற சில உருப்படியான வேலைகள் இருக்கு.

1. குளிர்ந்தால் புகார் பண்ணுங்க. ஹூடி போட்டுக்கிட்டு சும்மா இருந்தால், 22 டிகிரி எல்லோருக்கும் ஓகே என்றுதான் சிஸ்டத்தில் பதிவாகும். தனி ஆளாக வேண்டாம், பத்து பேர் சேர்ந்து டிக்கெட் போடுங்க.

2. ஒரு வாரம் மட்டும் 25 டிகிரி டிரையல் கேளுங்க. முன்னும் பின்னும் எல்லோரிடமும் ஒரு சின்ன சர்வே. புழுக்கம் என்று யாராவது சொன்னால், அவர் சீட் பக்கம் ஒரு ஃபேன் வைக்கச் சொல்லுங்க. அவரை நடுக்குவதோ, உங்களை வேகவைப்பதோ நோக்கம் இல்லை.

3. இரவு 11 மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் எவ்வளவு லோடு ஓடுகிறது என்று ஃபெசிலிட்டி டீமிடம் கேளுங்க. மீட்டரில் அந்த விவரம் இருக்கும். காலி ஆபீஸ் குடிக்கிற கரன்ட்தான் எளிதாகப் பிடிக்கக்கூடிய திருடன்.

4. ஐ.டி டீமில் நண்பர் இருந்தால், எல்லா மெஷினுக்கும் ஸ்லீப் மோடை சென்ட்ரலாக செட் பண்ண முடியுமா என்று கேளுங்க. அரை மணி நேர வேலை.

5. ஹைப்ரிட் நாள்களில் ஆள்களை ஒரே ஃப்ளோருக்கு வரவைத்து, மற்ற ஃப்ளோர் ஏசி-யை ஆஃப் பண்ணச் சொல்லுங்க.

6. டவுன்ஹால் மீட்டிங்கில் 'சஸ்டெயினபிலிட்டி' ஸ்லைடு வரும்போது கையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம ஆபீஸ் ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு எத்தனை யூனிட் செலவு பண்ணுது? போன வருஷம் எவ்வளவு?"

மேடையில் இருப்பவருக்கு அந்த எண் தெரிந்திருந்தால், உங்க ஆபீஸில் யாரோ கவனிக்கிறார்கள் என்று அர்த்தம். தெரியவில்லை என்றால், அடுத்த டவுன்ஹாலுக்குள் தெரிந்துவைத்திருப்பார். சேமிப்பு அங்கே இருந்துதான் தொடங்கும்!

உங்க ஆபீஸ்ல இப்போ எத்தனை டிகிரி? கமென்ட்ல சொல்லுங்க மக்களே!